ஓராண்டு நம் மண்ணின் நூல்களைப் படிப்போம்

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நூல்களைப் பொறுத்தவரையில் இம்மொழி இன்றும் பொய்க்கவில்லை. நம் பிள்ளைகள் பனி பொழியும் நாடுகளின் கதைகளை ஆவலோடு படிக்கின்றனர். இலண்டன் மாநகர வீதிகளும் கடலோரக் கோட்டைகளும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், நம் கெடா மாநிலத்தைக் களமாகக் கொண்ட கதைகளும் உண்டு என்றால் அவர்கள் வியப்படைகின்றனர்.

படிப்பது எந்நாட்டுக் கதையாயினும் நன்மையே. எனினும், தன் ஊரை எந்நூலிலும் காணாத குழந்தையின் உள்ளத்தில், 'நம் ஊர் எழுதத் தகுந்ததன்று. நம் வீட்டார் வாழ்வு கதையாகாது' என்னும் எண்ணம் வேரூன்றிவிடும். அத்தகைய குழந்தை கட்டுரை எழுதும்போதும் தான் கண்டதை விடுத்துக் காணாததையே எழுதும். இக்குறையைப் போக்க ஒரு வழி கூற விழைகின்றேன். ஓர் ஆண்டு முழுவதும், மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு நூல்கள், நம் மண்ணைப் பற்றியவற்றைப் படிப்போம் என்று மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் உறுதி பூணுதல் வேண்டும்.

அத்தனை நூல்கள் உள்ளனவா எனச் சிலர் வினவலாம். உள்ளன. கெடாவின் பழங்கதைகளைக் கூறும் மெரோங் மகாவங்சா வரலாற்றில் கோரைப்பல் முளைத்த அரசன் பெர்சியோங்கின் கதை வருகின்றது. இலங்காவித் தீவின் மாசூரி கதையைக் கேட்டுக் கண் கலங்காதவர் யார்? முதலாம் இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் படை செலுத்திய கடாரம் நாம் வாழும் இம்மாநிலமே என்பர் வரலாற்று அறிஞர். சாண்டில்யனின் 'கடல் புறா'வில் அக்கடாரம் இடம்பெறுகின்றது. சிக் வட்டாரத்தில் பிறந்த தேசிய இலக்கியவாதி ஷானோன் அகமாட் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' என்னும் மலாய் நாவல், நெல் வயலோடு போராடும் லஹுமா குடும்பத்தின் துயரை உரைக்கின்றது. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' என்னும் நாவல் 1981ஆம் ஆண்டில் வந்தது. அதே பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசுவின் தமிழ்க் கதைகளும், சீ. முத்துசாமியின் தோட்டப்புற நாவலாகிய 'மண்புழுக்க'ளும் நமக்குக் கிடைத்த செல்வங்கள். சிறுவர்க்கென கே. பாலமுருகன் எழுதிய மர்மக் கதைகளும் உள்ளன.

இவற்றுட் பல பெரியோர்க்குரியவை என்பது உண்மையே. அவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் படித்துப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு கதையாகக் கூறலாம். பிள்ளையை மட்டும் படிக்கச் சொல்லிவிட்டுத் தாம் தொலைக்காட்சியின் முன் அமர்வது முறையாகாது. இது குடும்பம் முழுவதும் ஏற்க வேண்டிய நோன்பு.

நூல் தீரும் மாதங்களும் வரலாம். அப்போது வீட்டிலுள்ள பாட்டனும் பாட்டியுமே நூலாவர். லயத்து வீடு, காலைப் பெரட்டு, பால் வாளி, கங்காணி, கிராணி முதலிய சொற்களின் பொருளை அவர்களன்றி வேறு யார் விளக்குவார்? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் மறைந்தபின் அதன் பெயரும் மறைகின்றது. முதியோர் கூறுவதை மாணவர் ஒரு பக்கம் எழுதி வைப்பாராயின், அதுவே பதின்மூன்றாம் நூலாகும்.

இவ்வாறு செய்தால் பிள்ளைகள் கிணற்றுத் தவளைகளாகிவிடுவர் என்று அஞ்ச வேண்டா. மேற்கூறிய நூல்கள் மூன்று மொழிகளில் எழுந்தவை. வயலில் உழைத்த மலாய்க் குடும்பத்தின் பசியையும் பால்மரக் காட்டில் உழைத்த தமிழ்க் குடும்பத்தின் பசியையும் ஒருசேர அறியும் மாணவன், அண்டை வீட்டாரை அயலாராகக் கருதமாட்டான். தன் ஊரை நன்கறிந்தவனே பிறர் ஊரையும் உற்று நோக்குவான். ஓராண்டு முடிந்தபின் உலகக் கதைகள் யாவும் அவனுக்காகக் காத்திருக்கும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பள்ளி நூலகத்தில் 'நம் மண்' என்று ஓர் அலமாரித் தட்டை ஒதுக்குக. நிலாம் வாசிப்புப் பதிவில் இந்நூல்களையும் சேர்க்குக. வகுப்பறைச் சுவரில் கெடா வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு கதையும் நிகழ்ந்த இடத்தில் அதைப் படித்த மாணவரைக் கொண்டே ஒரு புள்ளி இடச் செய்க. ஆண்டிறுதியில் புள்ளியில்லாத ஊர்கள் பல எஞ்சும். அவ்வூர்களின் கதைகளை எழுத வேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.