குத்தும் இலக்கணமும்

பொருள்களை வகுத்துப் பெயரிடுதல் அறிவின் முதற்பணியாகும். இலக்கண நூலார் எழுத்தையும் சொல்லையும் வகுத்தனர். இசை நூலார் பண்ணை வகுத்தனர். மருத்துவ நூலார் நாடியை வகுத்தனர். இன்று அப்பணிக்குப் புதியதொரு பங்காளி வந்து சேர்ந்திருக்கிறது. அது மனிதனன்று, கருவி. மனிதன் ஓங்கிய கையை நோக்கி, இது நேர்க்குத்து, இது வளைகுத்து, இது கீழிருந்து எழும் குத்து எனக் கணப்பொழுதில் வகை சொல்லும் மெய்நிகர்க் குத்துச்சண்டை விளையாட்டைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழாசிரியனுக்கும் குத்துச்சண்டைக்கும் யாது தொடர்பு என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. வகைப்பாடு நிகழும் இடத்தில் இலக்கணம் உண்டு. இலக்கணம் உள்ள இடத்திற்குப் பண்டிதன் அழையாமலே வந்து நிற்பான்.

மெய்நிகர் விளையாட்டில் தலையிற் கட்டும் கருவியொன்று இரு கண்களையும் மூடி, அவற்றின் முன் ஒரு போலி உலகைக் காட்டும். கைக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடிகள் உண்டு. கண்முன் எதிராளி நிற்பான். நாம் வெறும் காற்றைக் குத்த, அவன் தள்ளாடி வீழ்வான். 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி திரில் ஒஃப் த ஃபைட்’, 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிரீட்: ரைஸ் டு குளோரி’ என்பன இவ்வகையிற் பெயர்பெற்றவை. இவற்றைத் தொலைநாட்டுப் புதுமை என்று தள்ளிவிடல் வேண்டா. வளைகுடா நாட்டிலே தொழில் செய்து மீளும் உறவினரின் பெட்டியில் ஏறி, அக்கருவி எங்கள் அப்புத்தளை மலைக்கும் வந்துவிட்டது. “சேர், நான் எந்தக் குத்து விடுறேன்னு அதுக்கு எப்படித் தெரியுது?” என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் என்னை வினவினான். நல்ல வினா. விடையும் சுவையுடையதே.

கருவி முதலில் அறிய வேண்டியது கை எங்கே இருக்கிறது என்பதை. கைப்பிடிக்குள்ளே, வேகம் மாறுவதை அளப்பது ஒன்றும் சுழற்சியை அளப்பது ஒன்றுமாக இருவகை உணரிகள் உள்ளன. இவை மிக விரைவாகச் செய்தி தருவன. ஆயின் வேகமாற்றத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து இடத்தையும் கூட்டிக் கூட்டிக் கணிக்கும்போது கடுகளவு பிழை சில நொடிகளில் மலையளவாகிவிடும். அதனைத் திருத்துவதற்கே, 2020 ஆம் ஆண்டில் வந்த குவெஸ்ட் 2 போன்றவற்றில், தலைக்கருவியிலுள்ள கமராக்கள் கைப்பிடியில் ஒளிரும் அகச்சிவப்பு விளக்குகளை இடையறாது நோக்கியிருக்கின்றன. உணரி விரைவுடையது, கமரா உறுதியுடையது. இரண்டும் கூடி இடத்திற்கு மூன்று, திருப்பத்திற்கு மூன்று என ஆறு அளவுகளைத் தருகின்றன. 2006 ஆம் ஆண்டில் வந்த ‘வீ’ என்னும் கருவியின் குத்துச்சண்டை வேகமாற்ற உணரியையே நம்பியிருந்தது. அதனால் கையை உதறியவனும் அதற்குக் குத்துச்சண்டை வீரனாகவே தோன்றினான்.

அடுத்து, குத்து பட்டதா என்பது. நொடிக்கு 90 முறை படம் மாறும் கருவியொன்றில், நொடிக்கு 8 மீற்றர் வேகத்திற் செல்லும் கை ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஏறக்குறைய 9 சென்றிமீற்றர் தாண்டிவிடும். கை நின்ற புள்ளிகளை மட்டும் பார்த்திருந்தால், மூக்கிற் பட்ட குத்தைப் படாத குத்தென்று கருவி மயங்கக்கூடும். ஆதலின் இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட வழி முழுவதையும் கணித்து, அவ்வழி எதிராளியின் உருவை எங்கே வெட்டுகிறது என்று காணல் வேண்டும்.

பின்னரே வகைப்பாடு. முன்நிற்கும் கை நேரே சென்றால் ஜாப். பின்நிற்கும் கை நேரே சென்றால் கிராஸ். பக்கவாட்டில் வளைந்து வந்தால் ஹூக். கீழிருந்து மேலெழுந்தால் அப்பர்கட். முகம் நோக்கும் திசைக்கும் கை செல்லும் திசைக்கும் உள்ள கோணம், வழியின் வளைவு, முட்டியின் திருப்பம், கை புறப்பட்ட தூரம் ஆகியவற்றை நோக்கி இவ்வகை துணியப்படும். துணிவதற்கு நெறிகள் இரண்டு. இத்தனை பாகைக்கு மேற்படின் ஹூக் என்று விதியை முன்னரே எழுதி வைப்பது ஒன்று. வகை குறித்த பல்லாயிரம் குத்துக்களைக் காட்டி, அவற்றின் பொதுவியல்பைக் கருவியே கண்டுகொள்ள விடுவது மற்றொன்று. முன்னது நூற்பா, பின்னது வழக்கு. இரண்டுக்கும் பொதுவான இடர்ப்பாடு எல்லைக்கோட்டில் உள்ளது. சாய்ந்து மேலெழும் குத்து ஹூக்கா, அப்பர்கட்டா? மாணாக்கனின் நாவிலே ளகரமும் ழகரமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்போது நாம் படும் பாட்டையே கருவியும் படுகிறது.

இதுவரை சொன்னவற்றால் இக்கருவியை இயற்றியவர்களின் நுண்ணறிவு விளங்கும். ஆயினும் அது காணாத ஒன்றுண்டு. அதனை விளக்க நன்னூலைத் துணைக்கொள்கிறேன். பவணந்தியார் எழுத்துக்களின் பிறப்பை இடம், முயற்சி என்னும் இரண்டாலும் விளக்குகிறார். பகரத்திற்கும் மகரத்திற்கும் முயற்சி ஒன்றே. இரண்டும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பன. ஆனால் வல்லெழுத்தாகிய பகரத்திற்கு இடம் நெஞ்சு. மெல்லெழுத்தாகிய மகரத்திற்கு இடம் மூக்கு. ஒருவன் ஓசையின்றிப் ‘பாலை’ என வாயசைக்கட்டும். பின்னர் ‘மாலை’ என வாயசைக்கட்டும். இதழை மட்டும் நோக்கியிருப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். வறண்ட நிலத்திற்கும் கழுத்திலிடும் மலர்த்தொடைக்கும் உள்ள வேறுபாடு இதழில் இல்லை. அதற்கு உள்ளே இருக்கிறது.

குத்தும் அத்தகையதே. கை செல்லும் வழி அதன் முயற்சி. வலிமை பிறக்கும் இடமோ வேறு. நல்ல குத்து பாதம் நிலத்தை உந்துவதில் தொடங்கி, இடுப்பின் திருப்பத்தால் வளர்ந்து, தோள் வழியாகக் கைக்கு வருவது. மேற்கூறிய கருவி அறிவது தலை ஒன்று, கைகள் இரண்டு ஆகிய மூன்றை மட்டுமே. முழங்கையின் நிலை அதற்கு ஊகம். இடுப்பும் பாதமும் அதன் கணக்கிலேயே இல்லை. கைக்குப் பின்னால் எவ்வளவு உடற்பாரம் வந்தது என்பதை அது அளப்பதில்லை. வேகத்தைக் கண்டு வலிமையை மதிப்பிடுகிறது. ஆகவே காலூன்றி உடல் முழுவதும் திரண்டு விட்ட குத்தும், தோளிலிருந்து வெறுமனே வீசிய குத்தும் வேகமும் வழியும் ஒத்திருப்பின் அதற்கு ஒன்றே. பாலையும் மாலையும் ஒன்றான கதை இது.

விளையாட்டை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். ‘கிரீட்’ விளையாட்டில் ஓயாது கைவீசிக் களைத்தவனுடைய போலிக் கைகள் அவனது மெய்க் கைகளுக்குப் பின்தங்கித் தளர்ந்து அசையும். அளக்க இயலாத உடற்சோர்வை இவ்வாறு ஓர் உபாயத்தால் ஈடு செய்கின்றனர். இவ்விளையாட்டுக்களால் நன்மையும் உண்டு. மண்டையில் அடிபடாமலே தூரத்தையும் தருணத்தையும் பழகலாம். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே உடல் வியர்க்கலாம். எனவே இக்கருவியை வெறுத்தொதுக்குவது என் கருத்தன்று. அது நல்ல பயிற்சித் துணை. ஆனால் அதனை நடுவராக்கும்போதுதான் தீங்கு விளைகிறது.

விளையாட்டுத்தானே, அதற்கு இத்துணைக் கவலை எதற்கு எனலாம். எண்ணிக்கையை நடுவராக்கியதன் பயனை மெய்யான குத்துச்சண்டையே ஒருமுறை நுகர்ந்திருக்கிறது. 1988 ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியொன்றில் அமெரிக்கராகிய ரோய் ஜோன்ஸ் 86 குத்துக்களும், கொரியராகிய பார்க் சி-ஹுன் 32 குத்துக்களும் பதித்ததாக எண்ணப்பட்டது. தீர்ப்போ மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கிற் பார்க்குக்குக் கிடைத்தது. அத்தகைய முறைகேட்டை ஒழிக்க 1992 ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மின்குமிழ் முறை புகுந்தது. ஐந்து நடுவரில் மூவரேனும் ஒரு நொடிக்குள் குமிழை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். நோக்கம் தூயதே. ஆயினும் விளைவு யாது? நடுவர் கண்ணுக்குத் தெளிவாகப் படும் ஒற்றை நேர்க்குத்து எளிதிற் புள்ளி பெற்றது. விலாவில் இறங்கிய வலிய குத்தும், அடுக்கடுக்காக விரைந்த குத்துக்களும் பலகாற் கணக்கில் ஏறாமற் போயின. வீரரும் அதற்கேற்பத் தம் ஆட்டத்தை மாற்றினர். தாக்கும் கலை தொட்டு விலகும் கலையாயிற்று என்று அக்கலை வல்லோர் வருந்தினர்.

2012 ஆம் ஆண்டு இலண்டனில் இந்திய வீரர் விகாஸ் கிருஷன் 13 இற்கு 11 என வென்றதாக அறிவிக்கப்பட்டார். மேன்முறையீட்டின் பின், எதிராளியைப் பிடித்துத் தடுத்தமை முதலிய தவறுகளை மேடை நடுவர் கண்டிக்காமல் விட்டார் எனக் கண்டு, எதிராளிக்கு நான்கு புள்ளி கூட்டப்பட்டது. 15 இற்கு 13 என வெற்றி கைமாறியது. குமிழ்கள் குத்துக்களை எண்ணின; ஆட்டத்தின் ஒழுக்கத்தை எண்ணவில்லை. 2013 ஆம் ஆண்டில் அம்முறை கைவிடப்பட்டு, சுற்றுக்கு இத்தனை புள்ளி என நடுவர் மதிப்பிடும் முறை வந்தது. பூசல்கள் அதனாலும் தீர்ந்தபாடில்லை. மனிதரும் பிழைபடுவர், கருவியும் பிழைபடும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மனிதனின் பிழை ஒரு போட்டியைக் கெடுக்கும். அளவுகோலின் பிழையோ, அதற்கேற்ப எல்லாரும் பயில்வதால், கலையையே கெடுக்கும்.

இவ்வுண்மையை அறிய மலையகத்தார் சியோலுக்கும் இலண்டனுக்கும் செல்ல வேண்டியதில்லை. 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் எழுப்பிய தம்பதென்னைத் தொழிற்சாலை அப்புத்தளைக்கு அருகிலேயே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்ந்த தூளைச் சல்லடைகள் பருமனால் வகுக்கும். இலை பெரிதா, பொடியா என்பதைச் சல்லடை பிழையின்றிச் சொல்லும். சுவையை அது அறியாது. ஆதலால் சல்லடைக்குப் பின்னர்ச் சுவைஞர் ஒருவர் நின்று, கோப்பை கோப்பையாக உறிஞ்சித் தரம் சொல்கிறார். சல்லடை வந்துவிட்டது என்று எவரும் சுவைஞரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பண்டத்தின் விலை அவர் நாவில் இருக்கிறது என்பதை வணிகர் நன்கு அறிவர்.

தேயிலைத் தூளுக்குக் காட்டிய இந்த நீதியை, அதனைக் கொய்தவளுக்கு நாம் காட்டவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு கிலோவை அறியும். சரிவையும் மழையையும் அட்டைக்கடியையும் அறியாது. முற்றிய இலையை விலக்கி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்த விரலின் நுட்பம் அதன் முள்ளை அசைப்பதில்லை. குறித்த நிறை குறைந்தால் அரைப்பேர். எங்கள் மாணாக்கருட் பலர் அத்தராசின் தீர்ப்பை உண்டு வளர்ந்த பிள்ளைகள். அளவுகோல் காணாத உழைப்பு உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவு அவர்களிடம் மழுங்காமற் காப்பதே நம் கடன்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். மாணாக்கன் இவ்விளையாட்டைக் கொண்டாடினால் தடுக்க வேண்டா. அதன் இயக்கத்தைத் தமிழில் விளக்குமாறு அவனையே கேளுங்கள். கோணமும் வேகமும் அவனுக்குக் கணிதமாக வாராமல் அனுபவமாக வரும். பின்னர், அது எதனைக் காணவில்லை என்றும் கேளுங்கள். அந்த இரண்டாம் வினாவே கல்வி. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் பயிற்றுவிப்பவரை ‘வாத்தியார்’ என்றே அழைப்பர்; 2021 ஆம் ஆண்டில் வந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தைக் கண்டோர் அறிவர். அவ்வாத்தியார் மாணவனின் கையை மட்டும் பார்ப்பவரல்லர். அவன் பாதத்தையும் மூச்சையும் பார்ப்பவர். நாமும் அப்பெயர் தாங்கியவர்களே. விடைத்தாளின் புள்ளி நம் சல்லடை. அதனை நாம் விட முடியாது. ஆயின் சல்லடைக்குப் பின்னர்ச் சுவைஞராக நிற்கும் கடமையையும் நாம் விடலாகாது. கருவி இதழைப் பார்க்கட்டும். நெஞ்சைப் பார்க்க ஆசிரியன் வேண்டும்.