கூலி நாளும் வாடகை நாளும்

பிரிட்டனில் நகரசபை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர் வாடகை கட்டப் பல வழிகள் உண்டு. பாங்குக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். தபாலாபீசில் ரொக்கமாகவும் கட்டலாம். ஆயினும் ஏழைகளுக்குப் பாக்கி ஏறுகிறது. ஏன்?

முன்பு சர்க்கார் தந்த வாடகை உதவி நேரே நகரசபைக் கணக்கில் சேர்ந்தது. 2013இல் தொடங்கிய 'யுனிவர்சல் கிரெடிட்' திட்டத்தில், அது மற்ற உதவிகளோடு சேர்த்து மாதம் ஒருமுறை குடும்பத்தின் கையில் தரப்படுகிறது. ஏழைக்குப் பொறுப்புக் கற்பிக்கவாம்! ஆனால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகிறது. முன்பணம் கேட்டால் கடனாகத் தந்து, பின்னர் பிடித்துக்கொள்கிறார்கள். வயிறு ஐந்து வாரம் காத்திருக்குமா?

ஸ்காட்லாந்தில் 2017 முதல், உதவியை மாதம் இருமுறை பெறவும், வாடகைப் பங்கை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பவும் குடியிருப்போர் கேட்டுப் பெறலாம். இங்கிலாந்தில் பாக்கி ஏறினாலோ, தக்க கஷ்டத்தைக் காட்டினாலோதான் அதிகாரிகள் இணங்குவார்கள். கடனில் விழுந்தவனுக்குத்தான் கயிறு!

ஆலைத் தோழர்களே, விவசாயக் கூலித் தோழர்களே! பணம் வரும் நாளும் கட்டும் நாளும் வேறானால், இடையில் வட்டிக்காரன் புகுவான் என்பதை நாம் அறிவோம். கூலி வரும் முறைக்கு ஏற்ப வாடகை கட்டுவது சலுகை அல்ல, உரிமை. 1915இல் கிளாஸ்கோ பெண்கள் உயர்த்திய வாடகையைக் கட்ட மறுத்தார்கள். கப்பல் கட்டும் தொழிலாளர் துணை நின்றார்கள். அவ்வாண்டே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. ஒன்றுபட்டுக் கேட்டால் இதுவும் கிடைக்கும்.