முதலில் மரியாதை, அப்புறம்தான் குறி: டிராப் களம் கற்றுத்தரும் பாடம்

2022 ஜூலையில் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிக்காக நடிகர் அஜித்குமார் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தார். வாசலில் ரசிகர்கள் திரண்டுவிட்டார்கள். அரியமங்கலத்திலிருந்து சில கிலோமீட்டரில்தான் அந்த கே.கே. நகர் கிளப். 'நாமும் ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. ஆனால், துப்பாக்கிக் களத்தில் முதல் பாடம் குறி பார்ப்பது இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான்.

டிராப் என்றால் என்ன?

பறக்கும் தட்டைச் சுடும் போட்டி. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நிஜப் புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். இன்று அந்த இடத்தில் சுமார் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டது இந்தப் பிரிவில்தான்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஐந்து இடங்கள், ஆறு பேர். ஒருவர் குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும். அவர் சுட்டதும் அடுத்தவர் முறை. சுற்று முழுக்க இப்படியே இடம் மாறிக்கொண்டே போவார்கள்.

என்னென்ன மரியாதை?

* சுடாத நேரத்தில் துப்பாக்கி மடக்கித் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்.
* குழல் எந்த நேரத்திலும் ஆள் பக்கம் திரும்பக் கூடாது. 'காலியாத்தான் இருக்கு' என்ற சமாதானம் செல்லாது.
* தன் முறை வருவதற்கு முன் துப்பாக்கியை மூடக் கூடாது.
* சுட்டாச்சு என்று உடனே நகரக் கூடாது. பக்கத்தவர் சுடும் வரை அசையாமல் நிற்க வேண்டும்.
* அடுத்தவர் சுடும்போது பேச்சு, செல்போன், கேட்காத அறிவுரை எதுவும் வேண்டாம்.
* அடுத்தவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொடக் கூடாது.

'இதெல்லாம் பணக்காரர்களின் சம்பிரதாயம்' என்று சிலர் சொல்லலாம். இது செலவு பிடிக்கும் விளையாட்டு என்பது உண்மைதான். ஆனால், இந்த விதிகளுக்கும் அந்தஸ்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்ன ஈயக் குண்டுகள். வெளியே வந்துவிட்டால் அவற்றைத் திரும்பக் கூப்பிட முடியாது. மற்ற விளையாட்டில் மரியாதை தவறினால் மனசு புண்படும். இங்கே உயிரே போகலாம். திறந்து பிடித்த துப்பாக்கி, 'என்னால் உனக்கு ஆபத்து இல்லை' என்று பக்கத்தவருக்குச் சொல்லும் வணக்கம்.

அதனால், புதிதாக வருபவரை முதல் நாளே சுடவைக்காமல், ஒரு சுற்று முழுக்க ஓரமாக நிற்கவைத்துப் பார்க்கச் சொல்வதே சரி. எத்தனை தட்டு உடைத்தார் என்பதைவிட, எவ்வளவு பொறுமையாக நின்றார் என்பதைப் பயிற்சியாளர் கவனிக்க வேண்டும். பார்வையாளருக்கும் இது பொருந்தும். செல்ஃபி எடுக்க சுற்று முடியும் வரை காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. துப்பாக்கியை கேமரா பக்கம் நீட்டி ரீல்ஸ் எடுப்பது ஸ்டைல் அல்ல. கேமராவுக்குப் பின்னால் நிற்பதும் ஒரு ஆள்தான்.