நகத்தின் மேல் பழி போடாதீர்கள்

"இவ்வளவு நீளம் நகத்தை வளர்த்துக்கொண்டு இந்தப் பொண்ணு எப்படி டைப் அடிக்கும்?" இப்படிக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் வயதுக்காரர்கள்தாம். வங்கிக் கவுண்டரில் பாஸ்புக்கோடு நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கும்போது, பத்திரப்பதிவுக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. "அந்தக் காலத்தில் நகத்தோடு போனால் இன்ஸ்டிட்யூட் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்" என்று ஆதாரம் வேறு. தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை 34 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும்.

இன்ஸ்டிட்யூட்டில் நகத்தை வெட்டச் சொன்னது உண்மைதான். ஆனால் ஏன் சொன்னார்கள்? பழைய ரெமிங்டன் மிஷினை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கீயும் தனித்தனிக் கம்பியின் தலையில் உட்கார்ந்திருக்கும். நடுவில் இடைவெளி. ஒரு எழுத்து விழ, கீயை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே கீழே இறக்க வேண்டும். அடியில் நாலு கார்பன் காப்பி இருந்தால் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும். விரலைக் கொக்கி போல வளைத்து நுனியால் குத்தினால்தான் அந்த வேகம் வரும். நகம் நீண்டிருந்தால் வழுக்கும், இடைவெளியில் மாட்டும், உடையும். அந்த மிஷினுக்கு அந்த விதி சரி. அது மிஷினுக்காக வந்த விதியே தவிர ஒழுக்கத்துக்காக வந்ததல்ல.

இப்போது மேஜையில் இருப்பது அந்த மிஷினா? கோத்ரெஜ் கம்பெனியே தட்டச்சு இயந்திரம் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. இன்றைய லேப்டாப்பில் ஒரு கீ இறங்கும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். தட்டையான கட்டைகள், தொட்டாலே போதும். இதில் விரலை வளைத்துக் குத்த வேண்டிய அவசியமே இல்லை. விரலைச் சற்று நீட்டி, நுனிக்குக் கீழே உள்ள சதையால் மெல்லத் தொட்டால் எழுத்து விழுந்துவிடும். நகம் கீயைத் தாண்டி மேலாகவே நிற்கும். எஃப், ஜே இரண்டு கீயிலும் உள்ள சின்ன மேட்டைச் சதை நன்றாகவே உணரும். ஆகவே பார்க்காமல் அடிப்பதற்கும் தடை இல்லை.

நகம் வளர்க்கும் பேத்தி, மருமகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிப் படுக்கையாக வைக்கட்டும். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் முழங்கையோடு நேராக இருக்கும்படி உட்காரட்டும். ஸ்பேஸ் கட்டையைக் கட்டைவிரலின் பக்கவாட்டால் தட்டட்டும். உயரமான கட்டைகள் உள்ள கீபோர்டு வேண்டாம், தாழ்வானதே நல்லது. பழக ஒரு வாரம் ஆகலாம்.

அப்படியானால் கவுண்டரில் வேலை மெதுவாக நடப்பது எதனால்? பெரும்பாலும் தட்டச்சு கற்காததனால். இரண்டு விரலால் எழுத்தைத் தேடித்தேடிக் குத்துகிறவரிடம் ஒட்ட வெட்டிய நகம் இருந்தும் என்ன பயன்? தமிழில் அடிப்பது இன்னொரு கஷ்டம். ஒருவர் பழைய தட்டச்சு முறையில் பழகியிருப்பார், ஒருவர் ஆங்கில ஒலியை வைத்து அடிப்பார். 1999இல் தமிழ்நாடு அரசே தமிழ்99 முறையை அறிவித்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்த அருமையான ஏற்பாடு அது. அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை அலுவலகங்கள் ஒரு நாள் ஒதுக்கின? எழுத்து அழிந்த கீபோர்டும் கால் ஆடும் நாற்காலியும் கொடுத்தவரை நாம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரல்தான் கண்ணில் படுகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர் முடித்தவள். ஹையர் என்றால் நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ஒரு தனியார் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்குப் போனாள். கையைப் பார்த்துவிட்டு, "இந்த நகத்தோடு வேலை ஆகாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வரி அடித்துக் காட்டக்கூடச் சொல்லவில்லை. சான்றிதழ் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பி அவள் வீட்டில் தம்பியின் படிப்பு இருந்தது. பேச்சுப் போக்கில் நாம் சொல்லும் ஒரு கேலி, நேர்காணல் அறையில் தீர்ப்பாகிவிடுகிறது.

எல்லா இடத்திலும் நகம் இருக்கலாம் என்று நான் வாதாட வரவில்லை. நோயாளியைத் தொடும் நர்ஸுக்கும் சமையல் செய்பவருக்கும் ஒட்ட வெட்டிய நகம்தான் சரி. அங்கே கிருமி நகத்துக்கடியில் தங்கும். அதே போல, சதை கீயைத் தொடும் முன்னே நகம் இடிக்கிற அளவுக்கு ஒட்டுநகம் வைத்தால் எந்தக் கீபோர்டும் ஒத்துழைக்காது. ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். செல்போன் திரையிலும் நகம் வேலைக்கு ஆகாது, சதை பட்டால்தான் அது ஏற்கும். இந்த எல்லைகளுக்குள் யார் எவ்வளவு நகம் வளர்ப்பது என்பது அவரவர் விருப்பம்.

வீணை வாசிப்பவர்களில் சிலர் வலது கை நகத்தை வளர்த்து அதனாலேயே தந்தியை மீட்டுவார்கள். அவர்களைப் பார்த்து விரல் வேலை வராது என்று நாம் சொல்வோமா? நம் ஆபீஸ்களில் சுண்டுவிரல் நகத்தை ஆசையாக வளர்த்த ஆண் குமாஸ்தாக்கள் இல்லாமலா இருந்தார்கள்? அவர்கள் வேகத்தை யாரும் சந்தேகப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வளையல் போட்ட கையில் நகம் இருந்தால் மட்டும் நமக்கு உறுத்துகிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிலையில் உங்கள் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: பத்து நிமிஷம் அடிக்கச் சொல்லி, வார்த்தையை எண்ணி, பிழையை எண்ணிப் பார்க்கட்டும். லோயருக்கு 30, ஹையருக்கு 45 என்று நம்மையும் அப்படித்தான் அளந்தார்கள். அடுத்த முறை கவுண்டரில் வரிசை நகராவிட்டால் நாமும் அந்தப் பெண்ணின் விரலை விட்டுவிட்டு, மேனேஜர் அறைக்குப் போய், மூடிக்கிடக்கும் மற்ற கவுண்டர்களை ஏன் திறக்கவில்லை என்று கேட்போம்.