நோயாளியின் மொழி

இங்கிலாந்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளம் வைத்தியர் ஒருவர், சென்ற மாதம் வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தார். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் அவர். கொழும்பில் உள்ளகப் பயிற்சியை முடித்துச் சிறிது காலம் பணியாற்றியபின், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்துக் கடல் கடந்த பலருள் ஒருவர்.

இரு நாடுகளிலும் இளநிலை வைத்தியராய் இருந்தவரிடம், எங்கே வேலை கடினம் என்று கேட்டேன். உறக்கமற்ற இரவுகளைப் பற்றியோ குளிரைப் பற்றியோ சொல்வார் என எண்ணினேன். அவரோ இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னார்.

முதலாவது கொழும்பில் நிகழ்ந்தது. கொட்டாஞ்சேனையில் மகள் வீட்டில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். கடமையிலிருந்த சிங்கள வைத்தியர், தாம் அறிந்த சில தமிழ்ச் சொற்களைக் கொண்டு, “நோகுதா அம்மா?” என்று பரிவோடு வினவினார். “நோ இல்லை, ராசா” என்றார் மூதாட்டி. அவ்வாறே எழுதப்பட்டது. சிறிது நேரத்தின் பின் அவ்வழியே சென்ற என் மாணவரின் கையைப் பற்றி, “தம்பி, நெஞ்சுக்குள்ளை ஒரே அந்தரமாய்க் கிடக்கு” என்றார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு! முதியோருக்கும் நீரிழிவுள்ளோருக்கும் மாரடைப்பு நோவின்றியே வருதல் உண்டு. அந்தரம் நோவன்று, ஆனால் அன்று நோயைச் சொன்னது அந்த ஒரு சொல்லே.

இரண்டாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. முதியவர் ஒருவர் ‘வெரி பூர்லி’ என்று தாதி வந்து சொன்னார். சற்றே சுகமில்லை என்று பொருள் கொண்டு, கையிலிருந்த வேலையை முடிக்கலானார் நம்மவர். தாதி மீண்டும் ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வழக்கில் அச்சொல் கவலைக்கிடம் என்று பொருள்படும் என அப்போதுதான் அறிந்தார். “அன்று அந்தச் சிங்கள நண்பரை மனத்துக்குள் குறை கூறினேன், சேர். இங்கே நானே அவராகிவிட்டேன்” என்றார்.

இதில் நாம் சிந்திக்க வேண்டியதொன்று உண்டு. இங்கிலாந்து செல்லும் வைத்தியர் ஆங்கிலத் தேர்ச்சியை நிறுவ வேண்டும். ‘பிளாப்’ பரீட்சையில், நோயாளராய் நடிப்போரிடம் நோயைக் கேட்டறிந்து அச்சத்தைத் தணித்துக் காட்டவும் வேண்டும். இத்தனைக்குப் பின்னும் ஒரு சொல் தவறுகிறதென்றால், நம் நாட்டு நோயாளியின் நிலை யாது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையொன்று, புதிதாய்ச் சேரும் அரச ஊழியர் மற்ற மொழியையும் கற்க வேண்டுமென்றது. எனினும் நள்ளிரவில், நோயுற்றவரின் மூச்சோடு வரும் சொல்லைச் சட்டம் மொழிபெயர்த்துத் தராது. சிங்களக் கிராமத்துக்குச் செல்லும் தமிழ் வைத்தியருக்கும் இது பொருந்தும்.

இதற்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே உண்டு. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரின் மொழியைத் தாம் கற்றதோடு நில்லாது, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அயலவர் ஒருவருக்கு இயன்றது நமக்கு இயலாதா?

வைத்தியரை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்குதல் தகாது. யாழ்ப்பாணத்தார் ‘நாரி’ என்பதை மலையகத்தார் ‘இடுப்பு’ என்பர். ‘உளைவு’, ‘விறைப்பு’, ‘அந்தரம்’ என நோவுக்கும் நோவல்லாதவற்றுக்கும் நம் மக்களிடம் எத்தனை சொற்கள்! இவற்றை ஊர்தோறும் திரட்டிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கும் சிறு கையேடு ஒன்று மருத்துவ மாணவர் கைகளில் இருக்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் முயன்றால் ஓராண்டில் முடியும். 1942 முதல் தமிழ்ப் பணி புரியும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு இதனினும் ஏற்ற பணி யாது?

சொல்லாராய்ச்சி என்றால் ஏட்டோடு நிற்பது என்று எண்ணுகிறோம். ஒரு சொல்லின் பொருளில் ஓர் உயிர் தங்கியிருந்ததை அந்த இளைஞர் கண்டு வந்து சொன்னார். தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், அவரிடம் நான் கற்ற பாடம் இது.