புது வண்டிக்கு ஒரு கெடு வேண்டும்

நம் கடையில் வாங்கிய உளுந்தில் வண்டு இருக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மறுபேச்சு பேசாமல் வேறு உளுந்து நிறுத்துக் கொடுக்கிறோம். இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். "வண்டைப் பொறுக்கித் தருகிறேன், இன்னும் இருந்தால் அடுத்த வாரம் மறுபடி கொண்டு வாருங்கள்" என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். நூறு ரூபாய்ச் சரக்குக்கு நாம் கடைப்பிடிக்கும் இந்த நியாயம், பல லட்சம் ரூபாய் கொடுத்து நாம் வாங்கும் புதுச் சரக்கு வண்டிக்கு நமக்குக் கிடைப்பதில்லை. இதை நம் வணிகப் பெருமக்களின் கவனத்துக்குக் கொண்டு வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு காலத்தில் மண்டியிலிருந்து சரக்கு எடுக்க மாட்டு வண்டி இருந்தது. பிறகு வாடகை லாரியில் பங்கு போட்டுக் கொண்டோம். இன்று சிறிய மளிகைக் கடைக்காரர்கூடத் தவணைக்கு ஒரு மினி லாரியோ லோடு ஆட்டோவோ வாங்கி நிறுத்தியிருக்கிறார். வீட்டுக் கார் கெட்டால் பஸ்ஸில் போகலாம். சரக்கு வண்டி கெட்டால் கடையே பாதி நின்றுவிடுகிறது.

நம் வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் வாங்கிய புது வண்டி, மூன்று மாதத்துக்குள் ஒரே கியர் கோளாறுக்காக ஐந்து தடவை ஒர்க்‌ஷாப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் "சரி செய்தாயிற்று" என்று சாவியைக் கொடுத்தார்கள். மறு வாரமே ஏற்றத்தில் நின்றது. மொத்தம் நாற்பது நாளுக்கு மேல் வண்டி அவரிடம் இல்லை. தீபாவளி வியாபாரத்துக்கு வாடகை வண்டி பிடித்தார். பைனான்ஸ் கம்பெனியின் தவணைத் தேதி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. "வண்டியை மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டதற்கு, "வாரண்டியில் பழுதுதான் பார்த்துத் தருவோம், மாற்றித் தர விதி இல்லை" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் முழுப் பொய்யும் அல்ல. கிளட்ச் பழுது சம்பந்தமாக ஒரு கார் கம்பெனி செய்த மேல்முறையீட்டில் 2006-ல் சுப்ரீம் கோர்ட், பழுதான பாகத்தைச் சரி செய்வது அல்லது மாற்றுவது என்றுதான் வாரண்டியில் இருந்தால், முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று கூறியிருக்கிறது. உற்பத்தியிலேயே குறை என்று நிரூபித்தால்தான் மேற்கொண்டு கேட்க வழி உண்டு. எத்தனை முறை பழுது பார்த்தும் தீராவிட்டால் அது குறையுள்ள வண்டி என்று நம் நாட்டுச் சட்டம் எதுவும் கணக்குச் சொல்லவில்லை. வாங்கியவர்தான் நிபுணரைத் தேடிப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கைச் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு அமெரிக்கா. நாம் புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுக்கிறோம். அங்கே தீராத கோளாறுள்ள வண்டியையே எலுமிச்சை என்று சொல்கிறார்கள். அதனால் இந்தச் சட்டத்துக்கு 'லெமன் சட்டம்' என்று பெயர். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டு வந்தது. பின்னர் எல்லா மாநிலங்களும் ஏதாவது ஒரு வடிவில் ஏற்றுக் கொண்டன.

கலிபோர்னியா மாநிலத்து விதியைப் பார்ப்போம். வாங்கிய 18 மாதம் அல்லது 18,000 மைல், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 4 முறைக்குக் குறையாமல் பழுது பார்த்தும் தீரவில்லை என்றாலும், உயிருக்கு ஆபத்தான கோளாறானால் 2 முறை பார்த்தும் தீரவில்லை என்றாலும், பழுதுகளுக்காக வண்டி மொத்தம் 30 நாளுக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும், கம்பெனிக்குப் போதுமான வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே அனுமானித்துக் கொள்கிறது. அதற்குப் பிறகு வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது ஓடிய தூரத்துக்கு உரியதைக் கழித்துக் கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நமக்கு முக்கியமானது அடுத்த விதி. அந்த மாநிலத்தில் வியாபாரத்துக்காக வாங்கிய வண்டியும் இந்தச் சட்டத்தில் அடங்கும். வாங்கியவர் பெயரில் ஐந்துக்கு மேல் வண்டி இருக்கக் கூடாது. வண்டியின் மொத்த எடை அளவு 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,500 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெரிய லாரிக்கு இது பொருந்தாது. ஆனால் நம் மளிகைக் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன வண்டி தாராளமாக உள்ளே வந்துவிடும். சிறு வணிகரும் நுகர்வோரைப் போலப் பாதுகாக்கப்பட வேண்டியவர் என்று அங்கே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள்.

இங்கே நிலைமை என்ன? 1986-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருந்தது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 1993-ல் விளக்கம் சேர்த்தார்கள். கோயம்புத்தூரில் செய்த ஓர் இயந்திரத்தைப் பற்றிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-ல் சுப்ரீம் கோர்ட் இதற்குப் பொருள் சொன்னது. லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக் கொண்டாலும் அந்த உரிமை போகாது. வேறொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கினால் நுகர்வோர் அல்ல என்பது அதன் சாரம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுப் புதுச் சட்டத்திலும் இந்த வாசகம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? கடைக்காரர் கல்லாவில் உட்கார வேண்டியிருப்பதால் சம்பளத்துக்கு டிரைவர் வைக்கிறார். வண்டி கடைப் பெயரில் இருக்கிறது. வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "இவர் நுகர்வோரா?" என்பதுதான். கியர் பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வருஷம் ஓடிவிடுகிறது. ஒரு கம்பெனி தன் இயக்குநர்களின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய சொகுசு கார் வணிக நோக்கத்தில் சேராது, கம்பெனியும் நுகர்வோரே என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் நாம் குறை காணவில்லை. ஆனால் இயக்குநரின் சொகுசு காருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பருப்பு மூட்டை ஏற்றும் லோடு வண்டிக்கு ஏன் சந்தேகத்துக்கு இடமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் மறுப்பையும் கேட்டுக் கொள்வோம். "வியாபாரிகள் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுகிறார்கள், நேரத்துக்குச் சர்வீஸ் விடுவதில்லை, அந்தப் பழுதையெல்லாம் எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றுகிறவருக்காக நாம் வாதாட முடியாது. ஆனால் கலிபோர்னியாச் சட்டத்திலும் வாங்கியவரின் தவறான உபயோகத்தால் வந்த பழுதுக்குக் கம்பெனி பொறுப்பாவதில்லை. கெடு வைத்தால் ஒழுங்காக நடப்பவருக்குத்தான் பயன்.

வண்டி விற்கும் டீலரும் நம்மைப் போன்ற வணிகரே. பெரும்பாலும் அவர் நடுவில் நின்று அடி வாங்குகிறார். வண்டியை வடிவமைத்ததும் செய்ததும் அவர் அல்ல. கெடுவைச் சட்டமாக்கினால், மாற்று வண்டிக்கான பொறுப்பு உற்பத்தி செய்தவர் மேல் நேராகப் போய்ச் சேரும், டீலருக்கும் நிம்மதி.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியாது. இருக்கிற சட்டத்தில் ஜெயிப்பதற்கு வேண்டியது காகிதம். வண்டி எடுக்கும் நாளில் பூஜைக்கு முன்பாக, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், தயாரித்த மாதம் ஆகியவற்றை பில்லோடும், படிவம் 21, படிவம் 22 சான்றுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாரண்டிப் புத்தகத்தைப் படித்து, எது அடங்கும், எது அடங்காது என்று தெரிந்து கொள்ள வேண்டும். வெளியே பாடி கட்டும்போது ஒயரிங்கை வெட்டி ஒட்டினால் வாரண்டி போகக் கூடும். முதலிலேயே எழுத்தில் கேட்டுக் கொள்வது நல்லது. எடை மேடைச் சீட்டுகளைக் கட்டி வைத்தால் ஓவர்லோடு என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

ஒவ்வொரு தடவை ஒர்க்‌ஷாப் போகும்போதும் ஜாப் கார்டில் கோளாறை நாம் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். "அதே கோளாறு, மூன்றாம் முறை" என்று இருக்க வேண்டும். விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் வேண்டும். கோளாறு தீராதபோது "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டாம் தடவையிலேயே டீலருக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு கடிதம் அனுப்ப வேண்டும். வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது. கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. கடன் ஒப்பந்தம் தனி. வண்டி ஓடவில்லை என்பதை பைனான்ஸ் கம்பெனி கேட்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், கோளாறு எழுந்த இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வணிக நோக்கம் என்று ஆட்சேபிப்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-ல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருப்பது நமக்குச் சாதகம். அந்தக் கதவு மூடினால், 1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் வழக்கு இருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கானால், அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், முதலில் சமரசத்துக்குப் போய் வர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வண்டி ரகத்தையே திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். இது ஒரு தனி வண்டிக்கு உதவாது. ஆனால் ஒரே ரக வண்டி வைத்திருக்கும் பலர் சேர்ந்து புகார் செய்தால் அதற்கு எடை உண்டு. ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் ஒரு வண்டிப் புகார்ப் பதிவேடு வைக்க வேண்டுகிறோம். எந்த ரகம், என்ன கோளாறு, எத்தனை முறை, எத்தனை நாள் என்று நாலு பத்தி போதும். தனித்தனியே நின்றால் நம் குறை வெறும் புலம்பல். ஒரே ஏட்டில் வரிசையாக எழுதினால் அது சாட்சி.

அந்த ஏட்டைக் கையில் வைத்துக் கொண்டு நம் சங்கம் மத்திய அரசிடம் இரண்டே கோரிக்கைகளை வைக்க வேண்டும். புது வண்டி முதல் ஆண்டுக்குள் ஒரே கோளாறுக்கு 4 முறை போனாலோ, மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலோ, மாற்று வண்டி அல்லது பணம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஐந்து வண்டிக்கு மேல் இல்லாத சிறு வணிகரை, யார் ஓட்டுகிறார் என்று பாராமல், நுகர்வோராக ஏற்க வேண்டும்.

இது சலுகை அல்ல. நம் கல்லாவில் நாம் தினமும் வாடிக்கையாளருக்குச் செய்து வருவதைத்தான் நமக்கு விற்கிறவரும் செய்ய வேண்டும் என்கிறோம். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர நிர்வாகிகள் ஆவன செய்யுமாறு கேட்டுக் கொள்கிறோம்.