புத்தக மதிப்புரைக்கு ஆள் பிடிப்பது எப்படி?

சிநேகிதர்கள் மூணு பேர் சேர்ந்து தமிழ்ப் புத்தகங்களுக்குன்னே ஒரு மதிப்புரைத் தளம் ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் ஃப்ரீமாண்ட், ஒருத்தர் டாலஸ், ஒருத்தர் எடிசன். சான் ரமோன்ல உக்காந்துகிட்டு டயாப்லோ வேலி காலேஜ் அசைன்மென்ட்டைத் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கிற அடியேனுக்குக் கொடுத்த வேலை: "ஆள் பிடிச்சுக் குடு." என்னமோ ஈமு கோழிக்கு முதலீடு திரட்டுற மாதிரி :-)

போன ஞாயித்துக்கிழமை போன்ல ஏகப்பட்ட யோசனை. தினம் ஒரு மதிப்புரை போடலாம். மாசம் ஒரு பரிசு கொடுக்கலாம். கடைசியா ஒருத்தர் சொன்னது: "எழுத்தாளர்கிட்டயே அனுப்பி, அவரோட வாசகர்களுக்குப் பரப்பச் சொல்லிடலாம். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

எனக்கு அங்கேதான் இடிக்குது. எழுத்தாளர் தயவுல கூட்டம் வரணும்னா அவர் புத்தகத்தைப் பத்தி அரை வார்த்தை குறையாச் சொல்ல முடியுமா? அப்புறம் அது மதிப்புரையா, கல்யாண மண்டபத்து வரவேற்பு பேனரா?

இதே புலம்பல் அமெரிக்காவுலயும் இருந்திருக்கு. 1959 அக்டோபர்ல எலிசபெத் ஹார்ட்விக் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினாங்க. பத்திரிகைகள்ல வர்ற மதிப்புரை எல்லாம் உப்பு சப்பில்லாத பாராட்டா ஆயிடுச்சு, யாருக்கும் எதுலயும் கோபமே வரதில்லைன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. மூணு வருஷம் கழிச்சு, 1962 டிசம்பர்ல நியூயார்க் செய்தித்தாள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். 114 நாள் பேப்பர் கிடையாது. பதிப்பாளர்களுக்குப் புதுப் புத்தகத்தை விளம்பரம் பண்ண இடமில்லை. அந்த இடைவெளியில ஹார்ட்விக், அவங்க கணவர் கவிஞர் ராபர்ட் லோவல், ஜேசன் எப்ஸ்டைன், பார்பரா எப்ஸ்டைன் சேர்ந்து, ராபர்ட் சில்வர்ஸை இழுத்துப் போட்டுக்கிட்டு ஆரம்பிச்சதுதான் 'நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்'. 1963 பிப்ரவரி முதல் தேதியிட்ட இதழ். எழுதினவங்க யாருக்கும் பைசா கிடையாது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிரதி வித்துப் போச்சு, நிறுத்திடாதீங்கன்னு ஆயிரத்துக்கு மேல கடிதாசு வந்துச்சு.

அவங்க முதல் இதழ்லயே ஒரு கொள்கை சொல்லிட்டாங்க. அற்பமான புத்தகத்துக்கு இடத்தை வீணாக்க மாட்டோம். ஆனா தேவைக்கு மேல ஊதின பேரைக் கொஞ்சம் இறக்கணும்னாலோ போலியைக் காட்டிக் கொடுக்கணும்னாலோ எழுதுவோம். பரிசுப் போட்டி வைக்காமலே கூட்டம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். (வேலைநிறுத்தம் பெரிய காரணம், இல்லேங்கலை.)

நம்ம ஊர்லயும் அதே 1959தான், ஜனவரி. வத்தலகுண்டுக்காரர் சி.சு.செல்லப்பா 'எழுத்து' ஆரம்பிச்சார், விமர்சனத்துக்குன்னே. 2000 பிரதிக்கு மேல அடிக்க மாட்டேன்னு அறிவிச்சுட்டு ஆரம்பிச்ச மனுஷன்! விளம்பரப் படிப்பு படிச்சவங்க கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க. புத்தகத்தைத் தானே சுமந்துக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி இறங்கி வித்தார். பணம் வந்ததான்னா வரலை. 1970 வரைக்கும் 119 இதழ். ஆனா வடக்கே எங்கேயோ உத்தியோகத்துல இருந்த வெங்கட் சாமிநாதன் அதைப் படிச்சு, அதுலயே 'பாலையும் வாழையும்' எழுதி விமர்சகரா ஆனார். அந்த மாதிரி ஒரு வாசகர் கிடைச்சா போதும்யா, லட்சம் ஹிட்டு எதுக்கு?

நம்ம பேப்பர்ல வர்ற 'வரப்பெற்றோம்' பகுதியைக் கிண்டல் பண்றவங்க உண்டு: தலைப்பு, பக்கம், விலை, முகவரி, அவ்வளவுதான். ஆனா எனக்கு அது பிடிக்கும். ஏன்னா இங்கே சாயங்காலம் அயர்ன் ஹார்ஸ் பாதையில நடக்க வர்ற மாமாக்கள் என்கிட்ட கேக்கறதே, "தம்பி, டிசம்பர்ல ஊருக்குப் போறேன், என்ன புக் வாங்கிட்டு வரலாம்?" என்பதுதான். பெட்டிக்கு 23 கிலோ. சாம்பார் பொடி, வடாம், மாமியோட புடவை எல்லாம் போக மிச்சம் இருக்கிற எடத்துல 700 பக்க நாவல் வரணும். மொக்கையா இருந்தா ஒரு கிலோ வடாம் போச்சு! கிண்டில்ல தமிழ் 2016லயே வந்தாச்சுதான், ஆனா நல்ல புத்தகம் பாதி இன்னும் காகிதத்துலதான் இருக்கு. ஆக நம்ம தளத்துக்கு வாசகர் யாருன்னா, எழுத்தாளரோட ரசிகர் இல்லை, இந்தப் பெட்டி கட்டுற மாமாதான். அவருக்கு வேண்டியது ரெண்டு: வாங்கலாமா வேண்டாமா, எங்கே கிடைக்கும்.

சரி, இப்போ நிஜமான தலைவலி. முதல் மதிப்புரையா எனக்கு ஒரு நாவல் கொடுத்திருக்காங்க. எழுதினவர் எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு ரொம்ப வேண்டப்பட்டவர், இங்கேயே பே ஏரியாவுல இருக்கிறவர். முதல் நூறு பக்கம் நிஜமாவே அருமை, அப்புறம் இருநூறு பக்கம் ஜவ்வு. அப்படியேதான் எழுதி அனுப்பினேன். "ஆரம்பத்துலயே பகையா? ரெண்டாவது மாசம் போட்டுக்கலாமே"ன்னு டாலஸ் அண்ணன். "அவர் வீட்டு கொலுவுக்கு இனிமே எப்படிப் போறது?"ன்னு ஃப்ரீமாண்ட் அக்கா. எடிசன்காரர் வழக்கம்போல மியூட்டுல.

ஒரு வரியைக் கூட மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். நல்ல நூறு பக்கத்தைப் பத்தி இன்னும் ரெண்டு பத்தி சேர்க்கறேன், அதுவும் உண்மைதானே. புதன்கிழமை ராத்திரி மறுபடி பஞ்சாயத்து. என்னைத் தூக்கிட்டாங்கன்னா அடுத்த வாரம் அந்த மதிப்புரை இங்கேயே வரும் :-)

பி.கு: உங்க அலமாரியில நீங்க மனசார மெச்சற புத்தகமோ, காசு போச்சேன்னு நொந்த புத்தகமோ இருந்தா 400 வார்த்தையில எழுதி வையுங்க. சன்மானம் கிடையாது. ஆடனுக்கே கொடுக்கலை, உங்களுக்கா?